போக ஆறரை, வர ஒன்றரை

காவாந்தண்டலம்
28-3-84, புதன்கிழமை

அன்புள்ள மகன் சுகுமாருக்கு உன் நைனா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் கறவை மாடு இரண்டும் சாமி புண்ணியத்தில் குறையில்லாமல் இருக்கிறோம், உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது, அதை மட்டும் எழுது, கூடவே மைல் கணக்கு எழுதாதே. போன கடிதத்தில் நீ எழுதிய மைல் கணக்கைப் படித்ததிலிருந்து எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறியிருக்கிறது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், கோளாறு உப்பில் இல்லை ஐயா, சிங்கப்பூரில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். வெளிநாட்டுக்கென்று தபாலாபீசில் விற்கிற நீலக் கடிதம் வாங்கினால் நான் சொல்ல வேண்டியதில் கால்வாசிகூட அதில் அடங்காது, ஆகையால் ரிட்டயர் ஆனபோது கம்பெனியில் வேண்டாமென்று போட்ட பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் எந்த பஸ் எத்தனை மணிக்குப் புறப்பட்டு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று என் கையெழுத்திலேயே இருக்கும். அதையும் படித்துப் பார், ஒழுங்கு என்றால் என்ன என்று தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்கா ஜெகதாம்பாளின் மகள் உண்ணாமலை மாசி பதினைந்தாம் தேதி பெரியவளானாள் என்று உனக்குத் தந்தி கொடுத்தேன். திருமுக்கூடலில் அவர்கள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாதது அல்ல. தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்டித் தர வேண்டும், பெண் அதில் உட்கார வேண்டும், தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் அவள் வீட்டுக்குள் வரலாம், வெளியே போகலாம். அதுவரைக்கும் மாட்டுக்கொட்டகையை ஒட்டின சின்ன அறையில் தனித் தட்டு, தனிப் பாய். இந்தப் பெண்ணுக்கோ பங்குனி ஆறாம் தேதி பத்தாம் வகுப்புப் பெரிய பரீட்சை. இடையில் இருபது நாள் இருக்கிறது, மாமன் வந்து ஒரு மணி நேரத்தில் ஓலையைக் கட்டிவிட்டால் பெண் பள்ளிக்கூடம் போய்விடுவாள் என்று நான் இருந்தேன். நீ என்ன செய்தாய், லீவு இல்லை, கடிதம் வருகிறது என்று தந்தி கொடுத்தாய். கடிதமும் வந்தது. ஆயிரத்து எண்ணூறு மைல் நைனா, பிளேனிலேயே நாலு மணி நேரம், நினைத்தவுடனே கிளம்பி வர இது என்ன உத்திரமேரூர் சந்தையா, வைகாசியில்தான் லீவு, இந்தக் காலத்தில் ஓலைக் குடிசை எதற்கு, யாரையாவது கட்டச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். யாரையாவது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உன் அக்கா உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தபோது யாரையாவது தூக்கச் சொல்லுங்கள் என்று சொல்லவில்லை.

நீ எழுதிய நாலு மணி நேரத்தை நான் நம்பவில்லை. முப்பத்தோரு வருஷம் பஸ் கம்பெனியில் டைம் கீப்பராக இருந்தவனிடம் நேரக் கணக்கு சொல்ல வந்துவிட்டாய். காஞ்சிபுரத்துப் பட்டுப்புடவைக்கார ராஜாராம் வருஷத்துக்கு இரண்டு முறை சிங்கப்பூர் போய் வருகிறான் அல்லவா, அவனிடம் போய் பிளேன் கால அட்டவணை ஒன்று கேட்டு வாங்கிவந்தேன். அந்த ஆளுக்கு விரல் எல்லாம் மோதிரம், வாய் எல்லாம் சிங்கப்பூர், ஆனால் அட்டவணையைப் பார்க்கத் தெரியவில்லை, ஏறுவேன், தூங்குவேன், இறங்குவேன் என்கிறான். நானே பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் நீ போன அதே பிளேன், மீனம்பாக்கத்தில் காலை பத்தரைக்கு எடுத்து சிங்கப்பூருக்கு மாலை ஐந்துக்குப் போய்ச் சேருகிறது. ஆறரை மணி நேரம். திரும்பி வருகிற பிளேன் சிங்கப்பூரில் காலை எட்டுக்கு எடுத்து மீனம்பாக்கத்துக்கு ஒன்பதரைக்கு வந்துவிடுகிறது. ஒன்றரை மணி நேரம். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். உத்திரமேரூரிலிருந்து மெட்ராஸ் போக பஸ்ஸில் இரண்டே முக்கால் மணி ஆகிறது, என் மகன் கடல் தாண்டி ஒன்றரை மணியில் வந்துவிடலாம், அதை நாலு மணி என்று கூசாமல் பெற்றவனுக்கே எழுதுகிறான்.

போக ஆறரையும் வர ஒன்றரையும் ஏன் என்று நான் யோசிக்காமல் இல்லை. நம் கம்பெனியில் போகும்போது ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போய், திரும்பும்போது எங்கும் நிற்காமல் வந்துவிடுகிற வண்டி ஒன்று இருந்தது, பிளேனும் அப்படித்தான் என்று முடிவு செய்தேன். மைலையும் விடவில்லை. பிளேன் மணிக்கு எத்தனை மைல் ஓடும் என்று ராஜாராமைக் கேட்டேன், அதை மட்டும் எப்படியோ தெரிந்து வைத்திருந்தான், நானூற்றைம்பது என்றான். அப்படியானால் ஒன்றரை மணிக்கு எழுநூறு மைலுக்கும் உள்ளேதான் வருகிறது. நீ ஆயிரத்து எண்ணூறு என்று எழுதியிருக்கிறாய், ஆயிரத்துச் சொச்சம் மைலை முழுசாகக் கூட்டிப் போட்டிருக்கிறாய் என்று கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததை வீட்டோடு வைத்துக்கொள்ளவும் இல்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் அட்டவணையை விரித்துக் காட்டி, என் மகன் பொய்யன் என்று சொன்னேன்.

வாட்ச் விஷயமும் இதில் சேர்ந்துகொண்டது. தை மாதம் ராஜாராம் கையில் நீ கொடுத்தனுப்பிய வாட்ச் வந்த அன்றே இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. டைம் கீப்பருக்கு மகன் அனுப்புகிற வாட்ச்சைப் பார் என்று உன் அம்மாவிடம் காட்டினேன். கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் செய்கிற முனியனிடம் கொடுத்தேன், அவன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு மிஷினில் ஒரு கோளாறும் இல்லை என்றான், ஃபாரின் சரக்கின் கோளாறு உனக்கு எங்கே தெரியப்போகிறது என்று அவனையும் திட்டிவிட்டு முள்ளைத் திருப்பி வைத்துக்கொண்டேன். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். பெண் பெரியவளான அன்றே சம்பந்தி எல்லம்மாள் உன் சித்தப்பா மகன் பச்சமுத்துவும் பெண்ணுக்கு மாமன்தானே, அவனே ஓலை கட்டட்டும் என்று சொல்லியனுப்பினார். நான்தான் கூடாது என்றேன். வாய்க்கால் மடைத் தகராறில் ஆறு வருஷமாக நானும் பச்சமுத்துவும் பேசுவதில்லை என்று உனக்குத் தெரியும், உடன்பிறந்த மாமன் ஒன்றரை மணியில் வந்து இறங்கக் கூடியவன் இருக்கும்போது அந்தப் பயல் கையில் போய் நிற்பதா என்று வீம்பு. வெள்ளிக்கிழமை பிளேனில் புறப்படு, ஒன்றரை மணிதான், பொய் சொல்லாதே என்று உனக்கு இரண்டாவது தந்தி கொடுத்தேன். நீ வர முடியாது என்று பதில் கொடுத்தாய். இவ்வளவு சொன்ன பிறகும் வராமல் இருக்க மாட்டான் என்று நானாக நினைத்துக்கொண்டு, சம்பந்தி வீட்டில் வெள்ளிக்கிழமை வருகிறான் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நானும் மாப்பிள்ளை வீரபத்திரனும் அவர் பங்காளிகள் இரண்டு பேரும் பாலாற்று மணலை நடந்து கடந்து, பழையசீவரத்தில் வேன் பிடித்து மீனம்பாக்கம் போனோம். உனக்குப் போட மாலைகூட வாங்கியிருந்தார் மாப்பிள்ளை. பிளேன் ஒன்பது இருபத்தாறுக்கு இறங்கியது, நாலு நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டது, அந்த ஒன்றுக்கு மட்டும் அவர்களை மெச்சுவேன். பிறகு வெளியே வருகிறார்கள் வருகிறார்கள், வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒருவன் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு டேப் ரிக்கார்டரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான், பெற்ற தாய் காலில் விழ வேண்டுமானால் அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் நின்றான். இன்னொருவன் வெயிலில் கோட்டுப் போட்டிருந்தான். ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். கடைசியில் பிளேன் ஓட்டிவந்தவரே தொப்பியும் பெட்டியுமாக வெளியே போனார், டிரைவர் போன பிறகு வண்டியில் யார் இருக்கப் போகிறார்கள். மாப்பிள்ளை மாலையை என்ன செய்வது என்று கேட்டார், எனக்குப் போடுங்கள் என்றேன். தாம்பரம் தாண்டினதும் மாப்பிள்ளை ரொம்ப மரியாதையாக, ஒன்றரை மணி நேரத்தில் வருகிறவர் ஒருவேளை வழியில் டீ குடிக்க இறங்கியிருப்பாரோ மாமா என்று கேட்டார். ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் அப்படி ஒரு அவமானம் எனக்கு நேர்ந்ததில்லை.

திருமுக்கூடலில் எல்லம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். சத்தம் போடுவார் என்று பார்த்தேன், போடவில்லை, அது இன்னும் மோசம். "பச்சமுத்து கீறான்னு மொத நாளே சொன்னேன் சம்மந்தி. உங்க கவுரவத்துக்கு எம் பேத்தி கொட்டாயில குந்திக்கினு கீது" என்றார். கொட்டகைப் பக்கம் போய் தடுப்பு ஓலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். உண்ணாமலை உள்ளேயிருந்து அந்த அட்டவணையைக் கேட்டாள், படித்துக் கிழிக்கப் போகிறாயா என்று கேட்டுக்கொண்டே ஓலைக்கு அடியில் தள்ளினேன். கொஞ்ச நேரம் சுவரில் கரித்துண்டு உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள். ஆறரையையும் ஒன்றரையையும் கூட்டினால் எட்டாம், எட்டில் பாதி நாலாம், போவதற்கும் நாலு, வருவதற்கும் நாலு, நடுவில் இடிக்கிற இரண்டரை மணி நேரம் இரண்டு ஊர்க் கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசமாம், சிங்கப்பூரில் நமக்கு முன்னாலேயே பொழுது விடிந்துவிடுகிறதாம். நாலு மணிக்கு நானூற்றைம்பது வீதம் ஆயிரத்து எண்ணூறு மைல், மாமா எழுதினது அப்படியே சரியாக இருக்கிறது தாத்தா என்றாள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி வேண்டாமா என்று சிரித்தேன். உத்திரமேரூர் கடிகாரமும் செங்கற்பட்டுக் கடிகாரமும் வேறு வேறு நேரம் காட்டினால் அதில் ஒன்று பழுது என்று அர்த்தம், இதுதான் முப்பத்தோரு வருஷமாக நான் அறிந்த சட்டம். அவள் அதற்குச் சண்டை போடவில்லை. ஓலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாகத்தான் கேட்டாள். "மாமா வர எவ்ளோ நேரம் ஆவும்னு பாத்துக்கினே கீற தாத்தா. என் பரீட்சைக்கு இன்னும் எவ்ளோ நேரம் கீதுன்னு பாத்தியா?"

நான் பார்க்கவில்லை சுகுமாரு. சத்தியமாகப் பார்க்கவில்லை. இருபது நாள் இருக்கிறது என்று முதல் நாள் எண்ணினவன் அதற்குப் பிறகு எண்ணவே இல்லை, பிளேனைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று வெள்ளி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பரீட்சை. சனிக்கிழமை காலையில் வாலாஜாபாத் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், அவளுடைய வகுப்பு டீச்சர் பாக்கியமேரி என்று ஒரு அம்மாள். முதலில் கடிகார விஷயத்தைத்தான் கேட்டேன், என் புத்தி அப்படி. அந்த அம்மாள் ஒரு பூமி உருண்டையை எடுத்து விளக்குக்கு முன்னால் சுற்றிக் காட்டி, பேத்தி சொன்னது அத்தனையும் சரி என்றார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து உண்ணாமலையின் ஹால் டிக்கெட்டை எடுத்து வைத்து, மூன்று வாரமாக இது இங்கேயே கிடக்கிறது, வகுப்பிலேயே கணக்கில் முதலாவதாக வருகிற பெண், ஏன் அனுப்பவில்லை என்று கேட்டார். எத்தனையோ டிரைவர்களை இந்த மாதிரி நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். அன்று நான் நின்றேன்.

அங்கிருந்து நேராக ஊருக்கு வந்து பச்சமுத்துவின் பம்புசெட்டுக்குப் போனேன். வரப்பில் நடந்து போகும்போதே எனக்கு என் மேல் அருவருப்பாக இருந்தது, திரும்பிவிடலாமா என்று இரண்டு இடத்தில் நின்றேன். அவன் சேற்றுக் காலோடு நின்றிருந்தான். ஆறு வருஷத்துக்கு அப்புறம் பேசுகிற முதல் பேச்சு இதுவா என்று எனக்கே வெட்கம். விஷயத்தைச் சொன்னேன். அவன் மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவிட்டு, "இத்த கேக்கவா பெரிப்பா இருவது நாளு?" என்றான். அவ்வளவுதான். மடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தன் மரத்திலேயே பச்சை ஓலை வெட்டி, சைக்கிள் கேரியரில் கட்டி, முக்கால் மணி நேரத்தில் திருமுக்கூடல் போய்ச் சேர்ந்தான், வழியில் இரண்டு முறை செயின் கழன்றதையும் சேர்த்துத்தான் முக்கால் மணி. நான் பஸ்ஸில் போனேன், அவனுக்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். அரை மணியில் குடிசை முடிந்தது. கோணலாகத்தான் கட்டினான், எல்லம்மாள் குறை சொன்னார், மறுபடி கட்டினான். சாயங்காலம் தண்ணீர் ஊற்றினார்கள். உன் அக்கா அழுதாள், நீ இல்லையே என்று அல்ல, பரீட்சைக்கு முன்னால் முடிந்ததே என்று. உன் பேரை அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை என்பதையும் தெரிந்துகொள்.

திங்கட்கிழமை நானே அவளைக் கூட்டிக்கொண்டு மணலைக் கடந்து பழையசீவரத்தில் பஸ் ஏற்றினேன். பஸ் ஏழு நிமிஷம் லேட். ரிட்டயர் ஆகிவிட்டீர் பெரியவரே என்று கண்டக்டர் சொன்னான், லேட்டுக்கு ரிட்டயர்மென்ட் இல்லையடா என்று சொன்னேன். நீ அனுப்பிய வாட்ச்சை அவள் கையில் கட்டிவிட்டேன், மாமன் சீர் என்று அதையாவது காட்டிக்கொள்ளட்டும் என்று. கைக்குப் பெரிதாக இருந்தது, முனியன் ஒரு துளை போட்டுக் கொடுத்தான், அவனிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இதுவரை எல்லாப் பரீட்சையும் எழுதிவிட்டாள், கணக்கு நேற்று, ஒரே ஒரு கணக்குதான் தப்பு என்கிறாள், நாளைக்கு ஒன்றுதான் பாக்கி. டீக்கடைக்கும் போனேன். உன்னைப் பொய்யன் என்று சொன்ன அதே பெஞ்சில் உட்கார்ந்து, அன்று இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, நாலு மணி நேரம் என்று என் மகன் எழுதியது சரி, பெஞ்சில் உட்கார்ந்து பேசினவன்தான் முட்டாள் என்று சொன்னேன். அட்டவணையை விளக்கிச் சொன்னதில் பாதிப் பேருக்குப் புரியவில்லை, அவர்களை இப்போது நான் ஏளனமாகப் பார்க்கிறேன், புரிந்துகொண்டு இரண்டு வாரம்கூட ஆகாதவன்.

ஆக, உன்னிடம் பொய் இல்லை, ஒப்புக்கொள்கிறேன், எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் அதற்காக உன்னை மெச்சினதாக நினைத்துக்கொள்ளாதே. மைலைச் சரியாக எழுதினாய், மணியைச் சரியாக எழுதினாய், அக்காவுக்கு ஆறுதலாக இரண்டு வரி எழுதினாயா. யாரையாவது என்று எழுதினாயே, அந்த யாரோதான் சைக்கிளில் வந்தான். அவனுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. உண்ணாமலைக்கு சென்ட் பாட்டிலும் நைலான் புடவையும் தூக்கிக்கொண்டு வராதே, எல்லா நாட்டுப் படமும் போட்ட பெரிய புத்தகம் ஒன்று வேண்டும் என்கிறாள், அதை வாங்கு. ராஜாராம் கையில் எதையும் கொடுத்தனுப்பாதே, அவனுக்கு மணி பார்க்கத் தெரியாது. உன் அம்மா எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்கிறாள், மழையில் நனைந்து வேலை செய்யாதே என்கிறாள், ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், வைகாசி வரை தாங்குமா என்று தினமும் ஒரு தரம் ஜாடியைத் திறந்து பார்க்கிறாள்.

தீர்க்காயுசாக இரு, கெட்ட சகவாசம் இல்லாமல் இரு, சாமி உன்னைக் காப்பாற்றட்டும், நம் ஊர் எல்லை தெய்வம் உனக்கு வழித்துணையாக நிற்கட்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். தாமதமான பஸ் விட்ட நேரத்தைப் பிடித்துக்கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன், ஐந்து நிமிஷம், மிஞ்சிப் போனால் பத்து நிமிஷம், அதுவும் டிரைவர் உயிரைக் கொடுத்து ஓட்டினால். சும்மா உட்கார்ந்து வருகிறவனுக்கு இரண்டரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்கிற ரூட் எனக்குத் தெரிந்து ஒன்றுதான், சிங்கப்பூரிலிருந்து மீனம்பாக்கம். நீ போனபோது உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டதைத்தான் கொடுக்கிறார்கள். இரண்டு வருஷமாக அது இங்கேயே கிடக்கிறது. வைகாசியில் வந்து வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் நைனா
தாண்டவராயன்
டைம் கீப்பர், ஓய்வு